தீவு பார்க்கப் போன பதினெட்டுப் பேர்

தம்பி,

எனக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். எந்தக் கண், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கட்டு என்பதையும் முன்கூட்டியே எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து உன் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கையில் பழப்பையோடு வந்து நின்றார். உன் ஆபீசில் உனக்குப் பக்கத்து நாற்காலியாம், பேர் பாலுவாம். மன்னார்குடியில் மாமனார் வீட்டுக்கு வந்தவர் அப்படியே நம் ஊருக்கும் பஸ் ஏறியிருக்கிறார். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு லீவு எழுதிக் குடுத்திருக்காருங்க. எப்ப வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவர் அதைக் கேட்ட நேரத்தில் நான் கண்ணாடி இல்லாமல், ஒரே முயற்சியில், ஊசியில் நூல் கோத்து முடித்திருந்தேன்.

என்ன செய்வது, பெற்றுவிட்டேனே. அவசரமாக நூலை உருவிவிட்டு, மறுபடி கோப்பதுபோல மூன்று தடவை ஊசிக் காதைத் தவறவிட்டேன். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று சொன்னேன். உள்ளேயிருந்து வந்த உன் அப்பா "எந்தக் கண்ணுல?" என்று நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். அவரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. பாலு ஒரு மணி நேரம் இருந்து, டீ குடித்து, சாத்துக்குடியைச் சர்க்கரை போடாமல் பிழிந்து குடிக்கச் சொல்லி, கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கும்படி சொன்னார். நல்ல மனுஷர். அவர் பஸ் ஏறியதும் எனக்கு வெட்கமாக இருந்தது. உன் மேல் கோபமும் வந்தது, ஆனால் வெட்கத்துக்கு அப்புறம்தான் வந்தது.

நீ கலைச்செல்வியை அழைத்துக்கொண்டு லட்சத்தீவுக்குப் போகப்போவதாக எழுதிய கடிதம் அலமாரியில் இருக்கிறது. கொச்சியில் கப்பல் ஏறப் போவதையும், பவளத்தீவையும், அடியில் கண்ணாடி பதித்த படகையும் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கல்யாணமான மூன்றாம் மாதம் என் மகன் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பவளத்தீவு பார்க்கப் போகிறான் என்றால் அது எனக்கு எவ்வளவு பெரிய பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் உன் மேனேஜரிடம் அதையே எழுதிக் கொடுக்க உனக்குக் கை வரவில்லை. அம்மாவின் கண்ணை அடகு வைத்துவிட்டாய். அவர் கெடுபிடியானவர்தான். உன் கல்யாணத்துக்கே நாலு நாள்தான் கொடுத்தார். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பயம் இருக்கும். அந்தப் பயம் எனக்குப் பழகிய பயம். அதனால்தான் நாலு வரியில் திட்டி எழுதாமல் இப்படி நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பதினெட்டுப் பேர் தீவு பார்த்துவிட்டு வந்த கதையை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். அஞ்சலை அத்தை இருக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு இடத்தை மட்டும் தாண்டிவிட்டுத்தான் சொல்லுவாள். எனக்காகத் தாண்டினாள். அந்த இடத்தை இப்போது நானே சொல்கிறேன்.

உனக்கு அப்போது இரண்டு வயது. ஆட்சி மாறி, கடைத்தெருவில் கொடி மாறி, படிப்பகம் வந்து, அதில் ரேடியோவும் வந்திருந்தது. இனிமேல் யாரையும் 'ஆண்டை' என்று கூப்பிடாதீர்கள் என்று மேடை போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் 'ஐயா' என்று கூப்பிடப் பழகினோம். வார்த்தை மாறியதே தவிர, அதைச் சொல்லிக்கொண்டு நாங்கள் நிற்கிற இடம் மாறவில்லை. பண்ணையார் வீட்டுக் கொல்லை வாசல்தான். கூலி நெல்லுக்காகச் சங்கம் வயலில் கொடி ஊன்றியது, பண்ணையார்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள், போலீஸ் வந்தது, இரண்டு அறுவடை அப்படியே போனது. உன் அப்பா தலையில் இருக்கிற தழும்பு அந்த வருஷத்தது. கடைசியில் கூலி கொஞ்சம் ஏறியது. நாம் குடியிருக்கும் மனை நமக்கே சொந்தம் என்று சட்டமும் வந்தது. ஆனால் அது தாசில்தார் ஆபீஸ் வரைக்கும்தான் வந்திருந்தது. விசாரணை நடக்கும், அப்போது நாம் அந்தப் பண்ணையில் வேலை செய்கிற ஆட்கள்தான் என்று தெரியவேண்டும் என்றார்கள். பண்ணையார் 'இவர்கள் என் ஆட்கள் இல்லை, என் வயலில் வேலை செய்வது வேறு ஆட்கள்' என்று சொல்லி, அப்படி வேலை செய்தவர்களையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் முப்பது வீட்டுக்கும் மனை கிடையாது. அந்த மாசியில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்த ஒரே நினைப்புத்தான்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பண்ணையாள் ஊரை விட்டுப் போவதானால் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கொல்லை வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டும். சாவு என்றால் போகலாம். கல்யாணம், பிரசவம் என்றால் ஒருநாள். கோயில் வேண்டுதல் என்றால் பண்ணையாருக்கு மனம் இளகும். இதைத் தவிர வேறு காரணம் யாரும் சொன்னதும் இல்லை, சொல்லலாம் என்று நினைத்ததும் இல்லை. நான் பிறந்த ஊரிலிருந்து வாக்கப்பட்ட ஊருக்கு எட்டு மைல் நடந்து வந்ததுதான் அதுவரை நான் செய்த பெரிய பிரயாணம்.

தீவைப் பற்றிச் சொன்னது செபஸ்தியம்மா. மண்டபத்தில் பிறந்து கோடியக்கரையில் வாக்கப்பட்டவள். அறுவடை முடிந்ததும் கருவாட்டுக் கூடையோடு வந்து, நெல்லுக்குக் கருவாடு அளந்துவிட்டுப் போவாள். அவள் பேச ஆரம்பித்தால் கூடையை ஈ மொய்ப்பதுகூடத் தெரியாது. மண்டபத்துக்குத் தெற்கே கடலுக்குள் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன, ஆள் கிடையாது, அங்கே தண்ணீருக்கு அடியில் பூந்தோட்டம் இருக்கிறது என்றாள். அஞ்சலை அத்தை அவளை நம்பவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பது சேறு, அதில் இருப்பது அட்டை, நாற்பது வருஷமாக அதில்தான் நிற்கிறேன், எனக்கே கதை சொல்கிறாயா என்றாள். செபஸ்தியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் அண்ணன் அந்தோணியிடம் வள்ளம் இருக்கிறது, வந்து பார், பொய் என்றால் கூடையோடு கருவாடு உனக்கு என்றாள். இப்படித்தான் தம்பி, அஞ்சலை அத்தை கருவாட்டுக்கு ஆசைப்பட்டு ஆரம்பித்த பிரயாணம் அது.

எங்கள் நடவு செட்டில் அப்போது பதினெட்டுப் பெண்கள். எல்லோருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. வயலில் உளுந்து நெற்றுப் பிடித்திருந்தது, ஆனால் பிடுங்க இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பி, சனி பார்த்துவிட்டு, திங்கள் விடியலில் திரும்பி வயலில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். உன் அப்பா மட்டும் யோசித்தார். விசாரணை வருகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்றார். பிறகு அவரே, மூன்று நாள் உன்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது நீ அவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

பண்ணையாரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்தாவது படித்தவள் நான்தான். படிப்பகத்துப் பேப்பரைக் களத்தில் வாசித்துக் காட்டுகிறவளும் நான்தான். "வேண்டுதல், கீண்டுதல்னு பொய் சொல்லாத. சும்மா பாக்கப் போறோம்னு சொல்லிட்டு வா" என்று அஞ்சலை அத்தை சொல்லித்தான் அனுப்பினாள். அடி வாங்கி, கூலி வாங்கியவர்கள் நாங்கள். அந்த மிதப்பு எல்லோரிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. கொல்லை வாசலில் போய் நின்றதும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பண்ணையார் கைகழுவிக்கொண்டே என்ன என்று கேட்டார். என் வாய், என்னைக் கேட்காமலே, ராமேஸ்வரத்துக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் கொடுமை. நல்ல காரியம், போய்வாருங்கள், திங்கட்கிழமை உளுந்துக்கு வந்துவிடுங்கள் என்றார். உள்ளே போய் ஒரு மட்டைத் தேங்காய் எடுத்துவந்து, தன் பேருக்கு உடைக்கச் சொன்னார். கூடவே ஒரு வெறும் பாட்டிலும் கொடுத்தார். அவர் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார்கள், அவர்கள் வாயில் விடத் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தேன். தெரு முக்கில் பதினேழு பேரும் நின்றார்கள். சொல்லிவிட்டாயா என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன் என்றேன். தேங்காயைப் பைக்கு அடியில் போட்டு மேலே புளிச்சோற்று மூட்டையை வைத்துக்கொண்டேன்.

திருவாரூரில் ரயில் ஏறினோம், மானாமதுரையில் மாறினோம். ஜன்னல் ஓரத்துக்கு நடந்த சண்டையை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. சனிக்கிழமை காலை மண்டபத்தில் அந்தோணி வள்ளத்தோடு நின்றார். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எங்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் வள்ளத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கடலின் நிறம் மாற ஆரம்பித்தது. கறுநீலமாக இருந்தது நீலமானது. பிறகு பச்சையானது. பிறகு இளநாற்றின் பச்சையாகி, தீவு தெரிந்தபோது தண்ணீருக்கு நிறமே இல்லாமல் போய்விட்டது. வள்ளத்தின் நிழல் அடி மணலில் விழுந்து எங்களோடு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் போனது.

தீவு நம் கோயில் குளத்தைச் சுற்றி வருகிற நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான். மணல் என்று பார்த்தால் மணல் இல்லை, உடைந்த பவளமும் சிப்பியும் பொடிந்த பொடி. கண் கூசும் வெள்ளை. அதில் அடம்புக்கொடி ஊதாப் பூவோடு கடல்வரைக்கும் படர்ந்து கிடந்தது. ராவணன் மீசை என்கிற முள் உருண்டை அப்போதுதான் கிளம்பிய லேசான காற்றில் தானாக உருண்டு ஓடியது. நடுவில் பூவரசும் தாழையும், அதற்கு மேல் ஆலாக் குருவிகள் கத்திக்கொண்டு சுற்றின. ஒரு ஆள் காலடி கிடையாது. நாங்கள் இறங்கினோம். அந்தோணி நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் பதறிப்போய் என்ன என்று கேட்டார். நண்டு வளை தம்பி. கரையெல்லாம் நண்டு வளை. வளையைப் பார்த்ததும் எங்கள் கால் அதுவாகப் போய் அடைக்கிறது, வரப்பில் வளை இருந்தால் தண்ணீர் வடிந்துவிடுமே என்று. இங்கே எந்த வரப்பு, எந்தத் தண்ணீர் எங்கே வடியப்போகிறது என்று அந்தோணி கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடைத்த வளைக்குப் பக்கத்தில் வேறு வளை வழியாக நண்டு வெளியே வந்து, கண்ணை நீட்டி எங்களைப் பார்த்தது. அத்தை உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடல் வற்றி, தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அந்தோணி எங்களைக் கூட்டிப்போனார். மணலில் மட்டும் கால் வைக்கவேண்டும், கல்லில் மிதிக்கக்கூடாது, கல்லுக்கு உயிர் இருக்கிறது என்றார். கொஞ்சம் போனதும் தண்ணீருக்கு அடியில் பச்சைப் புல் வரிசையாக அசைந்துகொண்டிருந்தது. அத்தை நின்றுவிட்டாள். யார் நட்டது இது, இவ்வளவு நெருக்கியா நடுவார்கள் என்றாள். அதைத் தாண்டினால் அந்தத் தோட்டம். செபஸ்தியம்மா குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். மான்கொம்பு மாதிரி கிளைத்த கல், நுனியெல்லாம் நீலம். காளான் மாதிரி விரிந்த கல். விரல் விரலாக மஞ்சளில் ஒன்று. மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒன்று, அதன் மேல் கிளிப்பச்சை மீன் ஒன்று வாயால் கொறித்துக்கொண்டிருந்தது, கொறிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஆரஞ்சு நிறத்தில் விரல் அளவு மீன், பூ மாதிரி இருந்த ஒன்றுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. கைத்தண்டி கடல் அட்டை ஒன்றைப் பார்த்து நாங்கள் போட்ட கூச்சலில் எல்லா மீனும் ஓடிப்போனது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

நாங்கள் எப்படி நின்றோம் தெரியுமா? வழக்கம்போல ஒரே வரிசையில், இடுப்பை மடித்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்படி நிற்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கையில் நாற்று முடி இல்லை. முதுகுக்குப் பின்னால், பண்ணையாருக்காக வேலை வாங்குகிற காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் தண்ணீரைக் குனிந்து பார்த்தவர்கள், அதில் எங்கள் முகம்கூடத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அடிவரைக்கும் தெரிந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, முதல் நாற்று ஊன்றும்போது இடுகிற குலவையை யாரோ இட்டார்கள். பதினெட்டுப் பேரும் சேர்ந்து இட்டோம். தீவில் இருந்த பறவையெல்லாம் எழும்பிவிட்டது. எனக்கு அழுகை வந்தது தம்பி. சந்தோஷத்தில் வருகிற அழுகை எனக்கு அதுதான் முதல் தடவை.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பெரிய அலையெல்லாம் அங்கேயே உடைந்து, இந்தப் பக்கம் வராமல் நின்றது. அதுவும் இந்தப் பவளம்தான், கடலுக்குள் வரப்பு மாதிரி வளர்ந்து நிற்கிறது என்றார் அந்தோணி. அதை யார் கட்டியது என்று கேட்டோம். "கடுகளவு பூச்சிங்கதான். ஒண்ணு மேல ஒண்ணு கட்டிக் கட்டி வந்துருச்சு. கடலே அதத் தாண்ட முடியல பாருங்க" என்றார். அஞ்சலை அத்தை அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவரசு நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து சோற்று மூட்டையை எடுக்கும்போது தேங்காய் உருண்டு வெளியே வந்து அத்தையின் காலடியில் நின்றது. ஏது இது என்று கேட்டாள். அந்த இடத்தில், அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு, எனக்குப் பொய் வரவில்லை. கொல்லை வாசலில் நடந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சோற்றுக் கை அப்படியே நின்றது. அத்தைதான் கேட்டாள். "அப்ப இதுவும் அவங்க அனுப்பி நாம வந்த வேலைதானா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஆயுளில் எங்களுக்கென்று நாங்களே எடுத்துக்கொண்ட முதல் மூன்று நாள் அது. அதைக் கொண்டுபோய் நான் பண்ணையார் கையில் கொடுத்து, அவர் தயவாகத் திரும்ப வாங்கிவந்திருந்தேன். அத்தை தேங்காயை உரித்து, செத்த பவளக்கல் ஒன்றில் ஓங்கி உடைத்தாள். சில்லு சில்லாக ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். தின்னுங்கடி, பசிக்கத்தானே செய்கிறது என்றாள். அவ்வளவு இனிப்பான தேங்காயை நான் அப்புறம் தின்றதில்லை. ஆனால் என் பயம் அதோடு விடவில்லை. எல்லோரும் வள்ளத்துக்கு நடந்தபோது நான் பின்தங்கி, அந்த வெறும் பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். கடல் எல்லாம் ஒரே கடல்தானே, தீர்த்தம் என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். விசாரணை முடியட்டும், பட்டா கைக்கு வரட்டும், உண்மையெல்லாம் பிறகு பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியலில் பஸ் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு நடந்தோம். எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு டிராக்டர் நின்றது. இரண்டு நாள் வெயில் காய்ந்ததில் உளுந்து சீக்கிரமே முற்றிவிட்டது. காரியக்காரர் காத்திருக்காமல், யாரோ வெளியூர்ப் பெண்கள் இருபது பேரை அதில் ஏற்றிக்கொண்டுவந்து வரப்பில் நிறுத்தியிருந்தார். அவர்கள் பிடுங்கிவிட்டால் வேலை மட்டுமல்ல, விசாரணைக்குப் பண்ணையாருக்கு வேண்டிய சாட்சியும் தயார். அந்தப் பெண்களில் மூத்தவள் எங்களையும், எங்கள் மூட்டையையும், உப்புப் பூத்த புடவையையும் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டாள். அஞ்சலை அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், தீவுக்குப் போய்விட்டு வருகிறோம் என்றாள். எதற்கு என்று கேட்டாள் அவள். பார்க்கத்தான் என்றாள் அத்தை.

பிறகு நடந்ததை அத்தை உனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். நீலக் கொம்பு, ஆரஞ்சு மீன், கைத்தண்டி அட்டை எல்லாம் வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். காரியக்காரர் கத்தினார். மூத்தவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, இவர்கள் வயலில் இவர்கள் வந்து நிற்கும்போது நாங்கள் எப்படி இறங்குவது என்று சொல்லிவிட்டாள். வெயில் ஏறியது. பனி ஈரம் இருக்கும்போதே உளுந்தைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெற்று வெடித்து மணி மண்ணில் கொட்டிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட், பட் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தபோது பண்ணையார் வந்து சேர்ந்தார்.

அவர் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி, தீர்த்தம் எங்கே என்றார். பாட்டில் என் கையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாக வாங்கியிருப்பார், எங்களை வயலில் இறங்கச் சொல்லியிருப்பார், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். சாகக் கிடக்கிற ஒரு தாயின் வாயில் அந்த உப்புத் தண்ணீரை விட்டிருப்பார்கள். முப்பது வீடும் என் நாக்கு நுனியில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"இது கோயில் தண்ணி இல்லிங்க ஐயா. தீவுத் தண்ணி. நாங்க ராமேஸ்வரம் போகல. வேண்டுதல்னு ஒங்ககிட்ட நான் பொய் சொன்னேன். தீவு பாக்கத்தான் போனோம். தேங்காயையும் தின்னுட்டோம்."

காரியக்காரர் போலீஸ் என்று ஆரம்பித்தார். பண்ணையார் அவரைக் கையமர்த்தினார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது. தீவு பார்க்க என்று உண்மையைச் சொல்லிக் கேட்கமாட்டாயா என்றார். பட், பட் என்று வயல் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் குரல் எனக்கே கேட்டது.

"அடுத்த மாசிக்கும் மூணு நாள் போவோங்க. கேக்க மாட்டோம். சொல்லிட்டுப் போவோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உளுந்தைப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. "எறங்குங்க" என்றார், அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார். நாங்கள் இறங்கினோம். அந்த இருபது பேரும் எங்களோடு இறங்கினார்கள், பாதிப் பாதிப் பங்கு என்று அங்கேயே பேசிக்கொண்டோம். உச்சி வெயிலுக்குள் வயல் முழுக்கப் பிடுங்கிக் களத்தில் சேர்த்துவிட்டோம். போகும்போது அந்த மூத்தவள் என் காதில், அடுத்த வருஷம் எங்களையும் கூட்டிப்போவீர்களா என்று கேட்டாள். அடுத்த வருஷம் இரண்டு வள்ளம் தேவைப்பட்டது. நாங்கள் வருகிறோம் என்றாலே அந்தோணிக்கு எங்கள் குலவையை நினைத்துப் பயம்.

விசாரணையில் பண்ணையார் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவர் நல்லவராகிவிட்டார் என்றெல்லாம் நான் நினைக்கவும் இல்லை. சாட்சி சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பட்டா வந்தது. முப்பது வீட்டுக்கும் வந்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த வாசல் அந்த மனையில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் மாடத்தில் இருந்தது, நீ ஐந்து வயதில் அதைக் குடித்துப் பார்த்துத் துப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாட்டன் ஒருநாள் லீவு கேட்டதில்லை, கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது. நான் பொய் சொல்லிக் கேட்டேன், பிறகு வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டேன். நீ டை கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவில் அதே பொய்யை எழுதியிருக்கிறாய். கொல்லை வாசலில் ஏற்கெனவே நான் நின்று முடித்துவிட்டேன் தம்பி. நீ மறுபடி போய் அங்கே நிற்காதே. வேலை போய்விடுமோ என்று பயந்தால், உனக்கு இங்கே மனை இருக்கிறது, அரை வேலி குத்தகை நிலம் இருக்கிறது, உன் அப்பாவுக்கும் எனக்கும் கை கால் இருக்கிறது, முக்கியமாக இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது.

உன் மேனேஜர் சம்மதிக்காமலும் போகலாம். அப்போது என்ன செய்வது என்பதை நீயும் கலைச்செல்வியும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் நிஜக் காரணத்தைக் கேட்டுவிட்டு மறுக்கிற வாய்ப்பையாவது அவருக்குக் கொடு. போனால், காலையில் தண்ணீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கல்லில் மிதிக்காதீர்கள். படகில் கண்ணாடி இருந்தாலும் இறங்கி நின்று குனிந்து பாருங்கள். கலைச்செல்விக்குக் குலவை இடத் தெரியாது, டவுனில் வளர்ந்த பிள்ளை. நீ சொல்லிக்கொடு. நண்டு வளையை அடைக்காமல் இருந்தால், உன்னை டெல்டாக்காரன் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பாலுவுக்கு உன் ஆபீஸ் விலாசத்தில் இன்றைக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை, உங்களிடம் நான் நடித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள், என் மகன் தன் மனைவியோடு பவளத்தீவு பார்க்கப் போகிறான், சாத்துக்குடியை நாங்கள் தின்றுவிட்டோம் என்று எழுதியிருக்கிறேன். கார்டு என்பதால் வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வியாழக்கிழமை வந்து சேரும். இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸில் போடுகிறேன், உனக்குப் புதன்கிழமையே கிடைத்துவிடும்.

உனக்கு ஒரு நாள் இருக்கிறது. கேட்காதே. போய்ச் சொல்லு.

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற,
உன் அம்மா